ஸ்வென் போட்ட நாற்பத்தேழு கோடுகள்

"…மூண்டு மணி அடிச்சுப் பத்து நிமிஷமாச்சு, ஸ்டெல்லா. இன்னும் ஏன் உன்ரை ஆக்களின்ரை சத்தம் ஒண்டையும் காணேல்லை? ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?"

றிசெப்சன் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஸ்வென் இப்படிக் கேட்டபோது, எனக்குப் பின்னால் இருந்த முதலாளி ஹன்னே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நானும் எழும்பி நின்றேன். ஸ்வென் கேட்டது டேனிஷில்தான். டேனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே எங்கடை தமிழில் எழுதுகிறேன்.

இரண்டு நாளுக்கு முன்னர் இதே ஜன்னலில் நின்று, ஏழு குடும்பங்களை வெளியேற்றும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்த மனிதர் இவர். இப்போது நான் அந்தக் கரவன் தளத்துக்கு, வண்டிவீட்டோடும் கூடாரத்தோடும் விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிற இடத்துக்கு, பொறுப்பாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "அக்கா, இந்த வேலையை எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். அந்த ஏழு குடும்பமும் வந்த முதல் நான்கு நாளில்தான் படித்தேன். அதற்கு முன் பதினொரு வருஷம் வேலை செய்தேன், அவ்வளவுதான்.

1. ஒன்றும் நடக்காமல் பார்க்கிற வேலை

எங்கள் தளம் ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடக்கூடிய கடற்கரையில் இருக்கிறது. வேலை செய்த மீன் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, கழிப்பறைக் கட்டடம் கழுவத்தான் நான் அங்கே போனேன். முதல் நாள் ஹன்னே கையுறையைத் தந்துகொண்டே சொன்னார்:

"ஆக்கள் இஞ்சை வாறது ஒண்டும் நடக்காமல் இருக்கத்தான், ஸ்டெல்லா. ஒண்டும் நடக்காமல் பாக்கிறதுதான் எங்கடை வேலை."

மனிதர் வாயில் வருகிற நல்ல பேச்சென்றால் எனக்குப் பைத்தியம். ஏப்ரன் பொக்கற்றில் எழுதுகிற ஒரு சின்னக் கொப்பி வைத்திருப்பேன். அதில் முதல் பக்கத்தில் இருப்பது ஹன்னேயின் இந்தப் பேச்சு. டேனிஷையும் அப்படித்தான் படித்தேன். ஒரு கையில் தரை துடைக்கிற மொப், மறு கையில் கொப்பி.

மொப்போடு நடக்கிறவளை யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒரு ஜேர்மன் தம்பதி விடுமுறை முழுக்கக் கரவனை மினுக்குவார்கள். மினுக்கி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நோர்வேக்காரர் ஒருவர் கடலைப் பார்க்கக் கதிரை போடுவார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். ஒவ்வொருவருக்கும் ஓய்வு ஒவ்வொரு மாதிரி.

ஸ்வெனின் ஓய்வு புல்லு வெட்டுவது. அவர் எங்கள் 'ஃபாஸ்ட்லிகர்'களில் ஒருவர். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கரவனை ஒரே இடத்தில் விட்டு, அங்கேயே காலம் கழிக்கிற நிரந்தரக்காரருக்கு அந்தப் பெயர். கரவனோடு சேர்த்துக் கட்டிய முன்கூடாரத்தைச் சுற்றியுள்ள புல்லை அவர் மெசினால் வெட்டமாட்டார். முழங்காலில் இருந்து கத்தரிக்கோலால் வெட்டுவார். ஒரு காதில் கேட்கிற மெசின் மாட்டியிருப்பார், மற்றக் காது அரைவாசிதான் கேட்கும். காலில் எப்போதும் மரச்செருப்பு. சரளைக் கல்லில் அது டக், டக் என்று வரும்போதே ஸ்வென் வருகிறார் என்று தெரிந்துவிடும்.

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் தளத்தில் அமைதி நேரம். 'மிடாஸ்ரோ' என்று பலகையில் எழுதியிருக்கும். பந்து அடிக்கக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, வாகனம் ஓடக்கூடாது. வாசல் தடைக்கம்பத்தைப் பூட்டிவிடுவோம். மூன்று மணி கழிந்ததும் ஐஸ்கிறீம் விற்கிற வான் வண்டி மணியடித்துக்கொண்டு வரும். அந்த மணியைக் கேட்டதும் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர் ஸ்வென். அவருக்குப் பிடித்த ஒரே சத்தம் அதுதான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

2. "நாங்கள் சும்மா கதைப்பம்"

தலைநகருக்குப் பக்கத்து ஊரான ஹ்விடோவ்ரேயிலிருந்து செல்வி அக்கா போன் எடுத்தது மாசி மாதத்தில். அவவை எனக்கு முன்பின் தெரியாது. அப்போது கழுவல் முடிந்தால் றிசெப்சனிலும் நான்தான்; அங்கே ஒரு தமிழ் ஆள் இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தங்கச்சி, ஏழு குடும்பம், ஒரு கிழமை. ஏழு பேருக்கும் ஒண்டா லீவு கிடைச்சது இதுதான் முதல் தரம். இடம் தருவியளோ?"

"என்ன செய்யப்போறியள் அக்கா, நிகழ்ச்சி ஏதும் வைக்கிறியளோ?"

"ஐயோ இல்லை. சமைப்பம், சாப்பிடுவம். சும்மா கதைப்பம்."

செல்வி அக்கா வயோதிபர் இல்லத்தில் நிரந்தர நைட் டியூட்டி. பதினாறு வருஷம். "பகலிலை படுக்கிறனான் தங்கச்சி, ஆனா நித்திரை கொள்ளுறேல்லை. இந்த ஒரு கிழமையிலாவது உடம்பு ஆறட்டும்" என்றார். அதையும் கொப்பியில் எழுதினேன்.

ஹன்னேக்குக் குழுக்களைப் பிடிக்காது. முன்னர் ஒரு விளையாட்டுக் கழகம் வந்து, பத்து நிரந்தரக்காரர் கையெழுத்துப் போட்டு முறைப்பாடு தந்த கதை அவர் மனதில் அப்படியே இருந்தது. நான் சொன்னேன், "ஹன்னே, இவை என்ரை பொறுப்பு."

"உன்ரை பொறுப்பு எண்டா உன்ரை பொறுப்புத்தான்" என்று அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். அந்த வருஷம்தான் அவர், தனக்கு முழங்கால் ஏலாது, அடுத்த சீசன் யாரிடமாவது பொறுப்பைக் கொடுக்கவேண்டும் என்று கதைத்துக்கொண்டிருந்தார். அது என் காதிலும் விழுந்திருந்தது.

3. வாயை மூடின ஓய்வு

ஆடி மாதம், வியாழக்கிழமை காலை, கூடாரங்களும் சமையல் சாமான்களும் ஏற்றின ஏழு வான்கள் வந்தன. இறங்கிய சாமான்களைப் பார்த்து ஹன்னே, "இவை திரும்பிப் போவினமா?" என்று கேட்டார். நான் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்து, சமைக்கிற ஆட்களுக்குச் சமையற்கட்டுக்குப் பக்கம்தான் வசதி என்று மூன்றாம் வரிசையைக் கொடுத்தேன். ஸ்வெனின் வேலிக்கு அடுத்த பக்கம்.

அன்று மத்தியானமே ஆண்கள் முந்நூற்றிநாலு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அந்த காட்ஸ், அதாவது சீட்டு விளையாட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துரும்புச் சீட்டு இறங்கினால் மேசை அதிரும்.

மூன்று மணிக்கு டக், டக். ஸ்வென் ஜன்னலுக்கு வந்தார். "ஸ்டெல்லா, சத்தம்." அவ்வளவுதான் சொன்னார். நானும் வேறொன்றும் கேட்கவில்லை. நேரே ஓடினேன்.

"அக்கா, ஒண்டிலையிருந்து மூண்டு வரைக்கும் வாய் திறக்கப்படாது. காட்ஸும் வேண்டாம்."

செல்வி அக்காவின் கணவர் இராசன் அண்ணைக்கு, டோஸ்ட்ருப் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கையில் இருந்த காட்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் ஒண்டு கேக்கட்டே? வேலையிலை எட்டு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டுதான் நிக்கிறம். காதிலை கவசம், பக்கத்திலை மெசின், கதைக்க ஆளில்லை. இஞ்சையும் வாயை மூடினா, பேந்து என்னத்துக்கு லீவு?"

"அண்ணை, இது இஞ்சத்தைச் சட்டம்."

"இல்லை, சும்மா கேட்டன். நீங்கள் சொன்னா சரி பிள்ளை."

காட்ஸை அடுக்கினார். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கூடவே நடந்து வந்தது. பலகையில் இருக்கிற மூன்று சட்டத்தில் கதைக்கக்கூடாது என்று ஒரு இடத்திலும் இல்லை. அதை அங்கே எழுதியது நான்தான், என் மனதுக்குள்.

4. காகிதம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு மூன்றாம் வரிசைப் பக்கம் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தேன். ஊசி விழுந்தால் கேட்கும். மேசைகள் வெறுமையாக இருந்தன, ஒரு குருவி மட்டும் சோற்றுப் பருக்கை பொறுக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் கூடாரத்துக்குள் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. திரும்பி வந்து ஹன்னேயிடம், "பாத்தியோ எங்கடை ஆக்களை?" என்றேன்.

மூன்று மணிக்கு டக், டக்.

ஸ்வென் ஒரு காகிதத்தை ஜன்னலில் வைத்தார். குறுக்கெழுத்துப் புத்தகத்தில் கிழித்த தாள். அதில் நாலு கோடு, குறுக்கே ஒன்று, திரும்ப நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று வரிசையாகப் போட்டிருந்தார்.

"நாப்பத்தேழு" என்றார். "ரெண்டு மணித்தியாலத்திலை. நேத்தை விடக் கூட."

"ஆனா ஸ்வென், இண்டைக்கு ஒருத்தரும் வாயே திறக்கேல்லை. நான் போய்ப் பாத்தனான்."

"நான் பொய் சொல்லுறனெண்டு சொல்லுறியா?"

காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி நடந்தார். கோபம் என்று நினைத்தேன். அவர் போன பிறகு ஹன்னே அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இஞ்சை இருக்கிற மனுஷன், ஸ்டெல்லா. இந்தக் கிழமைக்கு முன்னம் ஒரு நாளும் முறைப்பாட்டோடை ஜன்னலுக்கு வந்ததில்லை. நாளைக்கும் அவர் முறைப்பாட்டோடை வந்தா, அவை வெளிக்கிட வேணும். நீதான் சொல்ல வேணும். உங்கடை பாஷையிலை."

ஆடி மாதத்தில் இந்தக் கரையில் வேறு எந்தத் தளத்திலும் ஏழு இடம் கிடையாது. வெளியே போவதென்றால் வீட்டுக்குப் போவதுதான். பதினாறு வருஷத்துக்குப் பிறகு ஒரு கிழமை உடம்பை ஆற்ற வந்தவவிடம், மூன்றாம் நாளே சாமானைக் கட்டுங்கோ என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?

5. ஸ்வெனின் கதிரை

சனிக்கிழமை ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்க, நான் ஸ்வெனின் முன்கூடாரத்துக்குப் போனேன். அமைதி நேரத்தில் நான் மொப் இல்லாமல் ஒருவர் இடத்தில் போய் இருந்தது அதுதான் முதல் தடவை.

"ஸ்வென், நீ கேக்கிறதை நானும் கேக்க வேணும். இருக்கலாமோ?"

அவர் ஒரு கதிரையை விரித்தார். கோப்பி ஊற்றினார். இருவரும் காது கொடுத்துக்கொண்டு இருந்தோம். இலை அசைகிற சத்தம். தூரத்தில் கடல்.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கம்: ஸ்ஸ்ர்ர்ர்… டமார்!

ஸ்வெனின் கோப்பி காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. ஆள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு நிமிஷமும் ஆகவில்லை, திரும்பவும் ஸ்ஸ்ர்ர்ர்… டமார்! வான் கதவு. பக்கத்துக்கு வழுக்குகிற கதவு.

"உது" என்றார் ஸ்வென். "கப்பல் கட்டுற இடத்திலை முப்பத்தெட்டு வருஷம் வேலை. தகடு தகட்டோடை அடிக்கிற சத்தம். காது போயிட்டுது, அந்தச் சத்தம் மட்டும் போகேல்லை. மெசினைக் கழட்டி வைச்சாலும் நெஞ்சுக்கை விழும்."

"அப்ப அவை கதைக்கிறது?"

"கதைக்கிறதோ?" அவர் என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது எனக்கு நல்லம். தூரத்திலை ஆக்கள் இருக்கினமெண்டு தெரியும், என்ன சொல்லுகினமெண்டு தெரியத் தேவையில்லை. முதல் நாளும் நான் இந்தக் கதவைத்தான் சொல்ல வந்தனான். சத்தம் எண்டு சொன்ன உடனை நீ ஓடிட்டாய்."

நான் கோப்பியை வைத்துவிட்டு வேலியைச் சுற்றிப் போனேன். வெளியே ஒருவருமில்லை. மூன்று வான்களின் கண்ணாடி உள்ளே இருந்து ஆவி படிந்திருந்தது. நடு வானின் கண்ணாடியில் தட்டினேன். கதவு வழுக்கியது. உள்ளே ஒன்பது பேர். வேர்த்து ஒழுக ஒழுக, மடியில் வடைத் தட்டு, ஆளோடு ஆள் நெரிபட்டு, குசுகுசு என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஸ்ஸ்! தங்கச்சி, கெதியா உள்ளுக்கை வாங்கோ!" என்று செல்வி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "கதவைச் சாத்துங்கோ, சத்தம் வெளியாலை போகுது!"

இராசன் அண்ணை கதவைப் பிடித்து முழுப் பலத்தோடும் இழுத்தார்.

டமார்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. சட்டத்தை மீறக்கூடாதென்று, வெளியே நல்ல காற்றும் மரநிழலும் இருக்க, இந்த மனிதர்கள் இரண்டு நாளாகத் தகரப் பெட்டிக்குள் அவிந்திருக்கிறார்கள். வடை எடுக்க ஒரு கதவு, கழிப்பறைக்குப் போக ஒரு கதவு, ஒரு வானில் கதை முடிந்தால் அடுத்த வானுக்குப் போக ஒரு கதவு. அமைதிக்காகவே சாத்திய கதவுகள் நாற்பத்தேழு.

"அண்ணை, ஏன் இவ்வளவு இழுத்து அடிக்கிறியள்?"

"மெல்லச் சாத்தினா கொழுவாது பிள்ளை. லைற் எரிஞ்சுகொண்டிருக்கும், பட்டரி இறங்கிப்போகும்."

6. காற்று எந்தப் பக்கம்

ஹன்னேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் தாறன்" என்றார். "ஆனா நீ றிசெப்சனை விட்டு அசையப்படாது. நீ போய் நிண்டு அடக்கினா அது சோதனை இல்லை."

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் மாற்றினோம். வான்கள் ஏழையும் வாசல் தடைக்கம்பத்துக்கு வெளியே நிறுத்தவைத்தேன். மத்தியானத்துக்கு வேண்டியதை ஒரு மணிக்கு முன்னமே இறக்கிவிடவேண்டும். முந்நூற்றிநாலு விளையாடுகிற மேசைக்கு மடித்த கம்பளியும் அதற்கு மேல் ஒரு துவாயும். குடும்பங்களைச் சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து எடுத்து, சும்மா கிடந்த கீழ் மூலையில், கடல் ஓரத்துப் பேர்ச் மரங்களுக்குக் கீழே கொண்டுபோனேன். இங்கே மத்தியானத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று. எங்கடை ஊர் மன்னாரில் அதைக் கச்சான் என்போம். கீழ் மூலையில் கதைத்தால் கதை கடலுக்குப் போகும், கரவனுக்கு வராது. இத்தனை வருஷம் அந்தக் காற்றில் துவாய் காயப்போட்டவள், காற்றைப் பார்த்து ஆளுக்கு இடம் கொடுக்கலாம் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"அப்ப கதைக்கலாமோ?" என்று செல்வி அக்கா நம்பாமல் கேட்டார்.

"கதையுங்கோ அக்கா. காணும், போதுமெண்ட வரைக்கும் கதையுங்கோ."

"பகிடி விடாதையுங்கோ தங்கச்சி. எங்களுக்குக் காணுமெண்டு ஒண்டு இல்லை."

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான். ஒருவர் வந்து "சத்தம்" என்றால் ஓடாதேயுங்கோ. எந்தச் சத்தம் என்று கேளுங்கோ. அவருடைய கதிரையில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கோ. இடம் கேட்டு ஒருவர் வந்தால் எத்தனை பேர், எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதேயுங்கோ, வேலையில் என்ன செய்கிறீர்கள் என்றும் கேளுங்கோ. நாளெல்லாம் இரும்புச் சத்தத்தில் நின்றவருக்கு அமைதி ஓய்வு. நாளெல்லாம் வாயை மூடி நின்றவருக்குப் பேச்சு ஓய்வு. இரண்டு பேரையும் ஒரே வேலியின் இரண்டு பக்கத்தில் வைத்தது நான். பிழை அவர்களுடையது அல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குத் தடைக்கம்பத்தைப் பூட்டினேன். ஹன்னே பின்னால் இருந்தார். ஒன்றரை. இரண்டு. கீழ் மூலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. காற்று நல்ல மேற்குக் காற்று. இரண்டேகாலுக்கு ஒரு பெரிய சிரிப்பு மட்டும் மெல்லிசாகக் கேட்டது. ஹன்னே தலையை நிமிர்த்தினார், திரும்பக் குனிந்தார். மூன்று மணி. நான் மூச்சு விட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து சரளைக் கல்லில் டக், டக், டக்.

இன்னொரு காகிதம் வருகிறது என்று நினைத்தேன். வந்து, ஜன்னலில் கையை ஊன்றி, அவர் கேட்டது அந்தக் கேள்வி. ஏன் சத்தமில்லை, ஆருக்கும் சுகமில்லையோ என்று.

கதவைத் திறந்து அவரையும் கூட்டிக்கொண்டு மேட்டின் விளிம்பு வரைக்கும் போனேன். ஹன்னேயும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழே பேர்ச் மர நிழலில் ஏழு குடும்பமும் நித்திரை. பாயில் பிள்ளைகள், கதிரையில் பெரியவர்கள். இராசன் அண்ணை மேசையிலேயே தலையை வைத்துப் படுத்திருந்தார். நடுவில் மஞ்சள் சட்டையோடு செல்வி அக்கா, வாய் திறந்தபடி, கையில் காட்ஸ் விரித்தது விரித்தபடி. யாரோ அவ காலுக்கு ஒரு துவாய் போட்டிருந்தார்கள்.

"நித்திரையோ?" என்றார் ஸ்வென்.

"ஓம். கதைச்சு முடிச்சிட்டினம்."

"எல்லாருமோ?"

"எல்லாரும். அந்த மஞ்சள் சட்டைக்காரி பதினாறு வருஷமா நைட் டியூட்டி. பகலிலை படுப்பா, நித்திரை வராது."

ஸ்வென் பார்த்துக்கொண்டே நின்றார். ஹன்னே என் காதுக்குக் கிட்ட வந்து, தேவாலயத்துக்குள் கதைப்பது போலச் சொன்னார்: "அடுத்த சீசன் ஆருக்கு எந்த இடமெண்டு நீதான் போடுறாய். நான் வீட்டிலை முழங்காலை நீட்டிக்கொண்டு இருக்கப்போறன்."

நான் வாயைத் திறக்கமுதல், பெரிய ரோட்டுப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. ஐஸ்கிறீம் வான் எங்கள் பாதைக்குத் திரும்பிவிட்டது. எனக்கு முன்னமே அது ஸ்வெனுக்குக் கேட்டுவிட்டது.

அவர் கீழே நித்திரையில் கிடந்தவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்து மரச்செருப்பு இரண்டையும் கழற்றினார். ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, வெறும் சொக்ஸோடு, அந்தச் சரளைக் கல்லில் சத்தமில்லாமல் ஓடினார். வாசல் தடைக்கம்பத்தைத் தாண்டி, பாதையின் நட்டநடுவில் போய் நின்று, செருப்புப் பிடித்த இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வானை மறித்தார்.